அசைந்தால் வலிக்கும் கீழ் முதுகு: பிசியோதெரபி முறையில் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

குனிந்து செருப்பு மாட்டும்போது ஒருவருக்கு இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது. எழுந்து நடந்தால் விட்டுவிடுகிறது. இன்னொருவருக்கு உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. பத்து நிமிடம் நின்றால் கடுக்கத் தொடங்குகிறது. இரண்டும் கீழ் முதுகு வலிதான். ஆனால் இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் ஒருவருக்குக் குறையும், மற்றவருக்குக் கூடும். எல்லோருக்கும் பொதுவான பயிற்சிப் பட்டியலைப் பார்த்துச் செய்துவிட்டு, "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

அசைவுக்கும் உடல் இருக்கும் நிலைக்கும் தகுந்தபடி கூடிக் குறையும் வலி, முதுகு எந்தத் திசையில் தாங்க மாட்டேன் என்கிறது என்பதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திசையைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. சில வாரம் அதை மட்டுப்படுத்தி, எதிர்த்திசையில் வலியை அடக்குவது இரண்டாவது. வலித்த அதே அசைவை முறையாகப் பழகி, சுமையோடும் செய்யத் தேறுவது மூன்றாவது. வலி நின்றதும் பலரும் மூன்றாவதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வலி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் தொடங்கக் கூடாதவர்கள்

கீழ் முதுகு வலியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவு, கிருமித் தொற்று, கட்டி போன்ற ஆபத்தான காரணம் எதுவும் இருக்காது. மீதிப் பேரைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது மலவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றிய பகுதி மரத்துப்போவது. சிறுநீர் வராமல் தங்குவது அல்லது தெரியாமலே கசிவது. மலத்தை அடக்க முடியாமல் போவது. இரண்டு கால்களிலும் வலுக் குறைவது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம்.

அவ்வளவு அவசரமில்லை என்றாலும் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்: கீழே விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வலி தொடங்கியவர்கள், எலும்பு பலவீனம் உள்ளவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், முதுகு வலியோடு காய்ச்சலோ காரணம் தெரியாத எடைக் குறைவோ உள்ளவர்கள், எப்படிப் படுத்தாலும் இரவில் வலி விடாதவர்கள், நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்குபவர்கள். 45 வயதுக்கு முன்பே தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் விறைப்பாக இருந்து, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைகிற வலி அழற்சி வகை மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்குப் பயிற்சியோடு மருந்தும் தேவைப்படும்.

ஸ்கேன் அறிக்கை கையில் இருந்தால்

"டிஸ்க் தேய்ந்திருக்கிறது", "ஜவ்வு பிதுங்கியிருக்கிறது" என்ற வரிகளைப் படித்ததும் குனியவே பயப்படுகிறவர்கள் ஏராளம். (டிஸ்க், ஜவ்வு இரண்டும் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் அதே பகுதிதான்.) முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளோ காலில் வலுக் குறைவோ இல்லாதவர்களுக்கு, சிகிச்சையைத் தீர்மானிக்க ஸ்கேனைவிட அசைவுப் பரிசோதனைதான் அதிகம் உதவும்.

வலி எந்தத் திசையில்?

காலையில் எழுந்ததும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் முதுகில் இழுவை அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். தொடங்குமுன் வலி எந்த இடம்வரை இருக்கிறது (இடுப்பு, பிட்டம், தொடை, கெண்டைக்கால், பாதம்), 0 முதல் 10 வரையான அளவில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

1. நேராக நின்று, கைகளைத் தொடைவழியே வழுக்கியபடி குனிந்து எழுங்கள். ஒரு தடவை செய்து பார்த்துத் தாங்க முடிந்தால் 10 தடவை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு இடத்தையும் அளவையும் எழுதுங்கள்.
2. இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து, முழங்கால் மடங்காமல் பின்னால் சாய்ந்து நிமிருங்கள். இதுவும் ஒன்றிலிருந்து 10 வரை. எழுதுங்கள்.
3. குப்புறப் படுத்து மூன்று நிமிடம் இருங்கள். எழுதுங்கள்.
4. மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் மார்புப் பக்கம் இழுத்து 10 தடவை. எழுதுங்கள்.

ஏதாவது ஒரு படியில் வலி காலில் கீழே இறங்கத் தொடங்கினால் அந்தப் படியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எழுதிவைக்க வேண்டிய முக்கியமான விடை அதுவே.

வலியின் அளவைவிட அது இருக்கும் இடத்துக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். கெண்டைக்கால்வரை இருந்த வலி பத்துத் தடவை பின்னால் சாய்ந்த பிறகு தொடையோடு நின்றுவிட்டு, இடுப்பில் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் அது நல்ல அறிகுறி. அந்தத் திசை உங்களுக்கு உகந்தது. வலி இடுப்பில் குறைந்து காலில் கீழே இறங்கியிருந்தால், இடுப்புக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும் அந்த அசைவை நிறுத்த வேண்டும். இப்படி வலி உடலின் நடுப்பகுதியை நோக்கி ஒடுங்குவதை 1950-களில் கவனித்து, அதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தவர் நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி. திசை பார்த்துச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இன்றும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

விடை மூன்று விதமாக வரலாம். குனிந்தால் கூடி, பின்னால் சாய்ந்தாலோ குப்புறப் படுத்தாலோ குறைவது ஒன்று. நின்றால், பின்னால் சாய்ந்தால் கூடி, உட்கார்ந்தால், முழங்காலை மார்புக்கு இழுத்தால் குறைவது இன்னொன்று. எந்தத் திசையும் தெளிவாக உதவாமல், அசைவின் நடுவில் மட்டும் ஒரு பிடிப்பு வந்து விடுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையினர் திசைப் பயிற்சிகளை விட்டுவிட்டு, கீழே வரும் "தொடை மூட்டில் மடங்கப் பழகுவது" பகுதிக்கே போய்விடலாம்.

பயிற்சியில் எவ்வளவு வலி வரலாம்

10-க்கு 3 வரை பரவாயில்லை. ஆனால் அந்த வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் பயிற்சியைக் கைவிட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பிட்டத்துக்குக் கீழே புதிதாக வலியோ மரப்போ இறங்கினால் மட்டும் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

முதல் சில நாட்கள்

படுத்தே கிடப்பதில் பலனில்லை. வலி கடுமையாக இருக்கும்போது 20, 30 நிமிடம் படுத்து எழலாம். மற்ற நேரம் மெல்ல நடமாடுவதே முதுகைச் சீக்கிரம் விடுவிக்கும்.

அதிகம் வலிப்பது படுக்கையிலிருந்து எழும்போதுதான். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காராதீர்கள். இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகப் புரளும்படி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும்போதே கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றி உடலை உயர்த்துங்கள். கால் இறங்கும் எடை மேலுடலைத் தூக்க உதவும். படுக்கப் போகும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ஒருக்களித்துத் தூங்குபவர்கள் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையும், மல்லாந்து தூங்குபவர்கள் முழங்கால்களுக்கு அடியில் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்தால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். தும்மல் வரும்போது முதுகு வளைந்தபடி இருந்தால் பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்து, ஒரு கையைச் சுவரிலோ மேஜையிலோ ஊன்றிவிட்டுத் தும்முங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். தோலுக்கும் வெந்நீர்ப் பைக்கும் நடுவில் துணி இருக்கட்டும்.

குனிந்தால் வலிப்பவர்களுக்கு

குப்புறப் படுத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, இரண்டு மூன்று நிமிடம் தளர்ந்து கிடங்கள். அது சுலபமானதும் முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி மேலுடலைத் தூக்கி அதே நேரம் இருங்கள். அதுவும் பழகியதும் உள்ளங்கைகளைத் தோள்பட்டைக்கு அருகில் வைத்து, கைகளை நீட்டி மேலுடலை உயர்த்துங்கள். உச்சியில் மூச்சை முழுதாக விட்டு, ஒன்றிரண்டு விநாடி நின்று இறங்குங்கள். ஒரு தடவைக்கு 10. விழித்திருக்கும்போது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

இதில் பெரும்பாலும் தவறுவது பிட்டத்தில். வலிக்குப் பயந்து பிட்டத்தை இறுக்கிக்கொள்வார்கள். அப்போது கீழ் முதுகு அசையாமல், மேல் முதுகு மட்டும் வளையும். தூக்கும் வேலை முழுவதும் கைகளுடையது, இடுப்புக்குக் கீழே எல்லாம் துவண்டு கிடக்க வேண்டும். இடுப்பு தரையைவிட்டு எழும்பினால் உள்ளங்கைகளை இன்னும் சற்று முன்னால் வையுங்கள். வேலையிடத்தில் படுக்க முடியாதபோது, இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்வதை 10 தடவை செய்தால் போதும்.

உடல் ஒரு பக்கமாகக் கோணி நிற்பவர்கள் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். அவர்கள் இதைத் தனியாகத் தொடங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது நல்லது. பக்கவாட்டுக் கோணலை முதலில் சரிசெய்தால்தான் இந்தப் பயிற்சி பலன் தரும்.

நிமிர்ந்தால், நின்றால் வலிப்பவர்களுக்கு

மல்லாந்து முழங்கால்களை மடக்கி, இடுப்பின் பின்பள்ளம் தரையில் அழுந்தும்படி மெல்லச் சாய்த்து 5 விநாடி, 10 தடவை. பிறகு ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுத்து 10 விநாடி, பக்கத்துக்கு 10. ஒரு முழங்காலை ஊன்றி மற்றக் காலை முன்னால் வைத்து, ஊன்றிய பக்கப் பிட்டத்தை இறுக்கியபடி உடலைச் சற்றே முன்னால் நகர்த்தி 30 விநாடி, பக்கத்துக்கு இரண்டு. தொடையின் முன்புறத்தில் இழுவை தெரிய வேண்டும். முதுகு வளைந்துவிட்டால் பயன் போய்விடும். நின்றுகொண்டே வேலை செய்ய நேர்ந்தால் 10 முதல் 15 செ.மீ. உயரப் பலகைமேல் ஒரு காலை வைத்து, அடிக்கடி காலை மாற்றுங்கள்.

வயதானவர்களுக்கு நடக்க நடக்கக் கால் கனத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ உடனே விட்டால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அவர்களுக்கு நடையைவிட சைக்கிள் ஓட்டுவது எளிதாக இருக்கும். வேகப்பந்து வீச்சு, ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் ஈடுபடும் வளரிளம் வயதினருக்குப் பின்னால் சாயும்போது ஒரு பக்கம் வலித்தால் முள்ளெலும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயிற்சி.

தொடை மூட்டில் மடங்கப் பழகுவது

எல்லா வகையினருக்கும் இது பொது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குனிவதற்கு நமக்கு இரண்டு இடங்கள் உண்டு: முதுகெலும்பு, தொடையும் இடுப்பும் சேரும் மூட்டு. தொடை மூட்டு ஆழமான குழியில் உட்கார்ந்திருக்கும் பெரிய மூட்டு; அதைச் சுற்றி உடலின் வலுவான தசைகள் இருக்கின்றன. குனிந்து வலிப்பவர்களில் பலர் முதல் சில டிகிரியிலேயே முதுகை வளைத்துவிட்டு, தொடை மூட்டைக் கடைசியில்தான் பயன்படுத்துகிறார்கள்.

தலையிலிருந்து இடுப்பின் வால் எலும்புவரை எட்டும் ஒரு நேரான கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். துடைப்பக் கம்பு போதும். முதுகின் பின்னால் செங்குத்தாக வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னும் மற்றக் கையால் இடுப்புக்குப் பின்னும் பிடியுங்கள். கம்பு பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொட வேண்டும். சுவருக்கு முதுகு காட்டி, ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்கால் சற்றே தளர்ந்திருக்கட்டும். இப்போது குனிவதைப் பற்றி நினைக்காமல், பிட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். மேலுடல் தானாக முன்னால் சாயும்.

கம்பு வால் எலும்பைவிட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். விலகும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தித் திரும்புங்கள். பின்னந்தலையைவிட்டு விலகினால் கழுத்து முன்னே தொங்குகிறது. தரையில் ஒன்றரை மீட்டர் தள்ளி ஓர் இடத்தைப் பாருங்கள். முழங்கால் முன்னே போனால் உட்காருவதுபோல ஆகிவிடும். கணுக்காலுக்கு மேல் முழங்கால் அப்படியே நிற்கட்டும். தொடையின் பின்புறம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். 10 வீதம் இரண்டு சுற்று, தினமும் இரண்டு வேளை.

ஒரு வாரத்தில் கம்பு தேவைப்படாது. அதன் பிறகு அதை அன்றாட வேலைகளுக்குள் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி நேரத்தோடு அது நின்றுவிடும். வாஷ்பேசின் நல்ல இடம்: முகம் கழுவும்போது ஒரு கையை விளிம்பில் ஊன்றி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சாயுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை சாய்ந்து எழுங்கள். கீழே கிடக்கும் பேனாவை எடுக்க ஒரு காலை நேராகப் பின்னால் தூக்கி, மற்றக் காலில் மடங்கலாம்.

தாக்குப்பிடிக்கும் சக்திக்கு மூன்று பயிற்சிகள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் பரப்பியவை இவை. முதுகெலும்பின்மேல் அதிகச் சுமை ஏறாமல், சுற்றியுள்ள தசைகளின் தாக்குப்பிடிக்கும் சக்தியை வளர்ப்பது நோக்கம். ஒவ்வொரு பிடியும் 8 முதல் 10 விநாடி. அதற்கு மேல் வேண்டாம். முதல் சுற்றில் 6, அடுத்ததில் 4, கடைசியில் 2 என்று இறங்குங்கள். நடுவே 30 விநாடி ஓய்வு. பிடிக்கும் நேரத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

தொடங்குமுன் லேசாக இருமிப் பாருங்கள். அப்போது வயிற்றைச் சுற்றி இறுகுமே, அதில் நாலில் ஒரு பங்கு இறுக்கம் போதும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சைப் பிடிக்க முடியாது.

முதலாவது, மல்லாந்து ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, இரண்டு கைகளையும் இடுப்பின் பின்பள்ளத்துக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் தூக்குவது. கையின்மேல் முதுகின் அழுத்தம் மாறக் கூடாது. கழுத்தை மட்டும் மடக்காதீர்கள்.

இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி, முழங்கால்களை மடக்கி, தோளிலிருந்து முழங்கால்வரை நேர்கோடாகும்படி இடுப்பைத் தூக்குவது. தோள் வலிப்பவர்கள் நின்றபடி சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து செய்யலாம்.

மூன்றாவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னும் எதிர்க்கையை முன்னும் நீட்டுவது. பலரும் காலை உயரத் தூக்குவதால் முதுகு வளைந்து வலிக்கிறது. குதிகாலைப் பின்னே தள்ளுவதாக நினையுங்கள். பிட்டத்தின் உயரத்துக்கு மேல் கால் போக வேண்டாம். முதுகின்மேல் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்தால், இடுப்பு திரும்புகிறதா என்று அது சரிந்து காட்டிவிடும். நடுக்கமாக இருந்தால் ஒரு வாரம் காலை மட்டும் நீட்டுங்கள்.

கையைத் தலைக்குப் பின்னால் கட்டி முழுவதும் எழுந்து உட்காரும் பயிற்சியை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். டிஸ்க்கின்மேல் அழுத்தமும் வளைவும் ஒருசேர விழுகின்றன.

நடை

ஒரேயடியாக முக்கால் மணி நேரம் நடக்காமல், 10 நிமிட நடை மூன்று வேளை என்று தொடங்குங்கள். கை தோளிலிருந்து வீச வேண்டும். மெதுவாக உலாவுவதைவிடச் சற்று வேகமான நடை முதுகுக்கு இதம். முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து, 2024-ல் வெளியான ஆய்வில், வாரம் ஐந்து நாள் 30 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்துப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பும்வரை கடந்த காலத்தின் நடுமதிப்பு 208 நாள். அந்தத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள்.

சுமை ஏற்றுவது

நாலு முதல் ஆறு வாரத்தில் அன்றாட வலி 2-க்குக் கீழே வந்திருந்தால் இதைத் தொடங்கலாம். முழங்கால் உயரமுள்ள ஸ்டூல்மேல் 4, 5 கிலோ எடையுள்ள பையை வையுங்கள். நெருங்கி நின்று, தொடை மூட்டில் மடங்கி, வயிற்றை இறுக்கி, உடலை ஒட்டியே தூக்கி நில்லுங்கள். அதே வழியில் இறக்கி வையுங்கள். 8 வீதம் மூன்று சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். இரண்டு வாரம் தொல்லையில்லாமல் போனால் ஒரு கிலோ கூட்டுங்கள், அல்லது ஸ்டூலின் உயரத்தைக் குறையுங்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டாம்.

இதுவும் பழகிய பிறகு, எடையில்லாமல், முதுகை மெல்ல வளைத்துக் குனிவதையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்காலைத் தொடுவது, பிறகு நின்றபடி. முதுகு வளையப் படைக்கப்பட்டது. வலி போன பின்னும் வாழ்நாள் முழுக்கக் கம்புபோல நிமிர்த்திப் பிடித்து நடப்பவர்களுக்குத் தசைகள் ஓயாமல் இறுகியிருந்து, அதுவே வேறொரு வலியாகிவிடும்.

இடையில் வலி திரும்பினால்

திரும்பும். அது புதிய காயம் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு நாள் சுமையை நிறுத்தி, உங்களுக்கு உகந்த திசைப் பயிற்சியையும் குறுகிய நடையையும் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது நாள் ஒரு படி கீழே இறங்கி, பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். நோட்டைப் புரட்டினால் காரணம் பெரும்பாலும் முந்தின இரண்டு நாளில் இருக்கும்: நீண்ட பயணம், ஒரே நாளில் கூட்டிய எடை, தூக்கமின்மை.

காலில் மின்னல்போல வலி இழுப்பவர்கள் தொடையின் பின்தசை இறுகிவிட்டது என்று நினைத்து, காலை நீட்டி விரலைத் தொட்டு இழுப்பதுண்டு. இழுபடுவது பெரும்பாலும் ஏற்கெனவே எரிச்சலடைந்த நரம்பு. மறுநாள் வலி கூடும். அதை விட்டுவிடுங்கள்.

பெல்ட், இழுவை, மெஷின்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட், இழுவை (முதுகெலும்பை இழுத்து நீட்டும் சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் (ஒலியலைச் சிகிச்சை), டென்ஸ் (தோல்வழி மின்தூண்டல்) ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. கையால் மூட்டைத் தளர்த்தும் சிகிச்சைக்கு அதில் இடமுண்டு. அது தரும் நிம்மதி குறுகிய காலத்துக்கானது. அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிட வேண்டும்.

பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது

சரியாகச் செய்தும் நாலு முதல் ஆறு வாரத்தில் மாற்றமில்லை என்றாலோ, கால் வலி இடுப்பு வலியைவிட அதிகம் என்றாலோ போக வேண்டும். முதல் சந்திப்பில் குதிகாலில் நடக்கச் சொல்லியும், முன்பாதத்தில் நடக்கச் சொல்லியும், கால் கட்டைவிரலின் வலுவையும் முழங்கால், கணுக்கால் அனிச்சைச் செயலையும் தட்டிப் பார்த்தும், படுக்கவைத்து நீட்டிய காலைத் தூக்கியும் சோதிப்பார்கள். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளின் கீழே இருக்கும் டிஸ்க்குகளில்தான் பிதுக்கம் அதிகம் வருகிறது. அங்கிருந்து போகும் நரம்புகளின் நிலையை இந்தச் சோதனைகள் சொல்லிவிடும். இவை எதுவுமில்லாமல் நேராக மெஷினில் படுக்கவைத்தால், "என் வலி எந்த அசைவில் வருகிறது, அதற்கு எந்தப் பயிற்சி" என்று கேளுங்கள். உங்கள் நோட்டையும் கொடுங்கள். எந்த அசைவில் வலி இறங்கியது, எதில் ஒடுங்கியது என்ற அந்த வரிகள் அவருக்கு முதல் சந்திப்பிலேயே பாதி வேலையை முடித்துத் தரும்.